கழற்றி வைத்த தாலிக்கொடி

ஹியூஸ்டன்
6 செப்டம்பர் 2025

அன்பான அக்காவுக்கு,

முதலில் நான் கண்டது அவருடைய காலைத்தான். சப்பாத்து இரண்டையும் கழற்றிப் படிக்குக் கீழே சேர்த்து வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு எங்கள் வாசலில் நின்றார். சாம்பல் நிறக் காலுறை. ஒன்றில் பெருவிரல் பக்கம் கையால் தைத்திருந்தது. இந்தத் தெருவில் பெட்டி கொண்டுவந்து வைப்பவர்களையும் புல்லு வெட்டுபவர்களையும் தவிர ஒரு கறுப்பு மனிதரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. வந்தவர்களில் ஒருவரும் சப்பாத்தைக் கழற்றியதில்லை. பார்த்த உடனே இது உங்கள் டரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்.

அன்றைக்கு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு வெண்டிக்காய் வெட்டினேன். நீங்கள் சண்டை போட்டுக்கொண்டு போன பிறகு அப்பா என் போனை வாங்கி வைத்துவிட்டார். கடையில் ரோலும் வடையும் செய்கிற மரகதம் அன்ரிதான் தபால்தலை தந்து, அவவின் வீட்டு விலாசத்தைப் போடச் சொன்னா. அதனால் இனி இப்படித்தான் எழுத முடியும்.

சத்திரசிகிச்சை செய்த நெஞ்சுத் தையலைக் காட்ட நீங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தீர்கள். நான் மாடிப்படி வளைவில் இருந்தேன். அங்கேயிருந்து பார்த்தால், கதவுக்குப் பக்கத்து நீளக் கண்ணாடி ஜன்னலில் வாசல் முழுதும் தெரியும். மணி அடித்ததும் அப்பா திறந்தார்.

"வணக்கம் மாமா" என்றார் அவர். தமிழில். நிறையத் தரம் சொல்லிப் பழகியது போல் இருந்தது.

 உங்கள் படத்தில் பார்த்த முகம் என்று அப்பாவுக்கும் தெரியும். "ஷீ இஸ் நொட் ஹியர். கோ" என்றார். தான் காத்திருப்பதாகவும், அம்மாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவதாகவும் அவர் மெதுவாகச் சொன்னார். அப்பா கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு சாமியறைக்குள் போய், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் நீங்கள் வைத்திருந்த தாலிக்கொடியை எடுத்துக்கொண்டு வந்து, மறுபடி கதவைத் திறந்து, அதை அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"ஷீ ஃபினிஷ்ட் வித் யூ. டேக் அண்ட் கோ."

கதவு சாத்தியதும் அப்பா குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினார்.

அவர் போகவில்லை. கொடியைச் சட்டைப் பையில் போடவுமில்லை. கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். நீங்கள் வருவீர்கள் என்று உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

முன்வீட்டு ஹம்சா அன்ரிதான் பொலிசுக்குப் போன் அடித்தது. யாரோ ஒருவன் எங்கள் வாசலில் குந்தியிருக்கிறான், கையில் ஏதோ மினுங்குகிறது என்று. பொலிஸ் வந்து அவரை எழுப்பிக் கையைப் பின்னால் கட்டினார்கள். கொடி புல்லில் விழுந்தது. அப்பா வெளியே போனார். அதற்குள் ஹம்சா அன்ரியும் பக்கத்து வீட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள்.

"இவனை உனக்குத் தெரியுமா?" என்று பொலிஸ் கேட்டார்.

அப்பா ஒருமுறை ஹம்சா அன்ரியைப் பார்த்தார். இந்தத் தெருவிலும் கோயிலிலும் சங்கத்திலும், மூத்தவளுக்கு வங்கியில் வேலை, இப்ப மாப்பிள்ளை பார்க்கிறோம் என்றுதானே இரண்டு வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறார். "நோ" என்றார்.

"இந்த நகை உங்கள் வீட்டுடையதா?"

"மை டோட்டர்ஸ்."

"இவன் வீட்டுக்குள் வந்தானா?"

அதற்கு அப்பா வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஓம் என்று.

அப்போது அவர் அப்பாவைப் பார்த்தார். கோபமாக இல்லை, அக்கா. ஏற்கெனவே தெரிந்த செய்தியை இன்னொருமுறை கேட்கிற ஆள் போலப் பார்த்தார். வீட்டில் வேறு யார் என்று பொலிஸ் கேட்டதற்கு, சின்னமகள், நித்திரை என்று அப்பா சொன்னார். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவும் எழும்பிப் போகவில்லை.

கார் போன பிறகு அப்பா அந்தச் சப்பாத்துகளை எடுத்துக் குப்பை வாளியில் போட்டார்.

உங்கள்
நிருஜா


ஜெர்சி சிட்டி
19 செப்டம்பர் 2025

நிரு,

உன் கடிதத்தை ஜர்னல் ஸ்குவயர் ஸ்டேஷனில் வாங்கில் ஒன்றில் உட்கார்ந்து வாசித்தேன். ரயில்கள் வந்து போய்க்கொண்டே இருந்தன. நான் எழும்பவில்லை. வேலைக்கும் போகவில்லை.

நீ படியில் இருந்திருக்கிறாய்! "படியில் ஒரு பிள்ளை இருந்தது" என்று டரல் ஜெயிலிலிருந்து வந்த அன்றே சொன்னார். இல்லை, அவள் நித்திரை, நீங்கள் நிழலைப் பார்த்திருப்பீர்கள் என்று நான்தான் அடித்துச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு அந்தக் கதையையே எடுக்கவில்லை. ஒரு சொல், நிரு. "அப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டிருந்தாலே அந்தத் தலை ஆடியிருக்காது. உனக்குப் பதினேழு வயது. சின்னப்பிள்ளை இல்லை.

இதை எழுதிவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டேன். திரும்பி வந்து வாசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கிழிக்கவில்லை. அந்த நேரம் அப்படித்தான் நினைத்தேன், நீ தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே நிலைமை இது. பிணையில் எடுத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீடு புகுந்து திருடியதாக வழக்கு. அது முடியும்வரை அவரை ரயில் ஓட்ட விடமாட்டார்கள். தினமும் காலையில் எழும்பி யூனிஃபோர்மை அயர்ன் பண்ணிக் கொழுவி வைக்கிறார். பிறகு வீட்டைக் கூட்டுகிறார். கூட்டின வீட்டையே திரும்பவும் கூட்டுகிறார்.

ஹில்க்ரொஃப்ட்டில், அப்பாவின் கடைக்கு இரண்டு சிக்னல் தள்ளி ஒரு பெண் லோயரைப் பிடித்திருக்கிறோம். கொடி என்னுடையது, இவர் என் புருஷன் என்று நான் சொல்லலாம், அதற்குக் கல்யாணப் பத்திரமும் இருக்கிறது. ஆனால் இவர் வீட்டுக்குள் வரவில்லை என்று நான் சொல்ல முடியாது. நான் அங்கே இல்லையே. கொடியைத் தந்தது அப்பாதான் என்று இவர் சொல்கிறார். உள்ளே புகுந்து எடுத்தான் என்று அப்பா கையெழுத்து வைத்திருக்கிறார். ஒரு கறுப்பனின் சொல்லும் ஒரு கடைக்காரரின் சொல்லும். எது நிற்கும் என்று லோயருக்கும் தெரியும். வேறு யாராவது வீட்டில் இருந்தார்களா என்று கேட்டா. இல்லை என்றேன். இப்போது உன் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது.

நான் இன்னும் அவவிடம் சொல்லவில்லை. ஏனென்றால் அவ இன்னொன்றும் சொன்னா: பொலிசுக்குப் பொய் சொல்வதும் இங்கே குற்றம். அப்பாவுக்குச் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ இன்னும் வரவில்லை. கையில் கிரீன் கார்ட் மட்டும். எனக்கு அவர்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், அம்மாவின் நெஞ்செலும்பு இன்னும் பொருந்தவில்லை. நீ அந்த வீட்டில் சாப்பிட்டுப் படுக்கிற பிள்ளை.

டரல் வழக்கைப்பற்றி ஒன்றுமே கேட்பதில்லை. ஒன்றை மட்டும்தான் கேட்கிறார். "நீயாகக் கழற்றினாயா?" என்று. தாலிக்கான பொன்னுருக்குக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து பொன் வரவேண்டும் என்று நான் சொன்னபோது, செத்துப்போன தன் அம்மாவின் மோதிரத்தைக் கொண்டுவந்தவர் அவர். அந்த மனுசி ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்து வாங்கின ஒரே பொன். பத்தர் அதை உருக்கும்போது இவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அந்த மோதிரம்தான் என் தாலி. அப்பா வாசலிலேயே நின்று கழற்றச் சொல்லி வாங்கிவிட்டார் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே நினைவில் வைத்துக்கொள்.

அம்மா மருந்தை நேரத்துக்கு எடுக்கிறாவா? எழுது.

அக்கா


ஹியூஸ்டன்
4 ஒக்டோபர் 2025

அன்பான அக்காவுக்கு,

நீங்கள் எழுதியது சரி. நான் சின்னப்பிள்ளை இல்லை. 

அம்மா நேரத்துக்கு மருந்து எடுக்கிறா. வாய் நல்ல பலமாக இருக்கிறது. போன கிழமை அப்பாவோடு பெரிய வாக்குவாதம். நீங்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள், பிறகு அழுதிருப்பீர்கள். நான் கஞ்சி கொண்டுபோனபோது தொடங்கிவிட்டிருந்தது.

"கறுவலுக்கு மகளைக் குடுத்தவன் எண்டு சனம் என்ர முகத்துக்கு நேர கதைக்கவோ?" என்றார் அப்பா.

"போய்க் கண்ணாடியைப் பாருங்கோ. ரெண்டு பேரும் பக்கத்தில நிண்டிருந்தா ஆரைப் பிடிக்கிறதெண்டு பொலிசுக்கே குழம்பியிருக்கும்."

சொல்லிவிட்டு அம்மாவே சிரித்தா. சிரித்தால் தையல் இழுக்கும் என்று தலையணையை நெஞ்சோடு அமத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அப்பா சிரிக்கவில்லை. அம்மாவும் நிறுத்திவிட்டுச் சொன்னா:

"எண்பத்திமூண்டில வெள்ளவத்தையில உங்களை நடுவில நிப்பாட்டி, இவனைத் தெரியுமோ எண்டு கேட்டவங்கள். அந்த மனுசி சிங்களத்தி. என்ர மகன் எண்டு சொன்னவ. தெரியாதெண்டு சொல்லியிருந்தா?"

அப்பா கஞ்சியைத் தொடாமல் கடைக்குப் போய்விட்டார். ஒவ்வொரு ஜூலையும் சங்கத்தில் மேடையேறி அந்தக் கதையைச் சொல்கிறவர் அவர்தான். இனம் பார்த்து அடிக்க வந்த சனத்துக்கு நடுவில் நின்ற எட்டு வயதுப் பிள்ளை. எத்தனை தரம் சொன்னாலும் அதே இடத்தில் நிறுத்தித் தண்ணி கேட்பார். டரலுக்கும் அந்தக் கதை தெரியுமா?

ஹம்சா அன்ரி லெமன் ரைஸ் கொண்டு வந்தா. அவ கெட்டவ இல்லை, அக்கா. சத்திரசிகிச்சை நாளிலிருந்து எங்களுக்குச் சமைத்துத் தருகிறா. ஆனால் சோற்றுப் பெட்டியை மேசையில் வைத்துக்கொண்டே, "நல்லவேளை நான் ஜன்னல்ல பாத்தேன். வெள்ளைக்காரனா இருந்தா ஏதோ சர்வே எடுக்க வந்திருக்கான்னு சும்மா விட்டிருப்பேன் நிருஜா" என்றா. அதில் பிழையாக எதையும் சொன்னதாக அவவுக்குத் தெரியவில்லை. அவ சொல்லித்தான் அப்பா இப்போது வாசலில் கமெரா பூட்டியிருக்கிறார். முன்பே பூட்டியிருந்தால் நான் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்காது.

பள்ளிக்கூடத்தில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி ஒரு கறுப்புப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியுமா? டெஸ்டினி. நான் பேசாமலே இருப்பேன். அவள் தன் உறைப்புச் சிப்ஸ் பையை நடுவில் வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே பேசுவாள். நீங்கள் கல்யாணம் செய்த கிழமையே, வீட்டிலிருந்து படிப்பிக்கப் போவதாகக் கடிதம் கொடுத்து அப்பா என்னை நிறுத்திவிட்டார். படிப்பு என்று வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. கல்லாவில் நின்று மரக்கறி நிறுக்கிறேன். அவளிடம் போய்வருகிறேன் என்று சொல்லவும் முடியவில்லை. நான் ஏன் வரவில்லை என்று அவள் நினைத்திருப்பாள்?

இன்னொன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று பேனையை மூடி மூடித் திறந்தேன். அப்பா வாசலில் நின்று கொடியைக் கேட்கவில்லை, அக்கா. அம்மாவைப் பார்க்க நீங்கள் வந்த அன்று நானும் மரகதம் அன்ரியும் உங்களைக் கூட்டிவர விமானநிலையத்துக்கு வந்தோம். அங்கே பெண்கள் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நீங்களாகத்தான் கழற்றினீர்கள். நான் உங்கள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் ஒருவரும் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

நீங்கள் கோபிக்க வேண்டாம். நினைவில் வைத்துக்கொள் என்றதால் எழுதினேன். எனக்கு நினைவிருப்பது இதுதான்.

நிருஜா


ஜெர்சி சிட்டி
24 ஒக்டோபர் 2025

நிரு,

பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்குக் கோபம் காரணமில்லை.

டரல் போய்விட்டார். நெவார்க்கில் அவருடைய பெரியம்மா வீட்டில் இருக்கிறார். சண்டை ஒன்றும் இல்லை. யூனிஃபோர்மையும் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டார். சாவியை மேசையில் வைத்தார். "நீ சொல்வதை நம்ப வேண்டும் என்றுதான் பார்க்கிறேன்" என்றார். அவ்வளவுதான். நம்பாமல் இருப்பதற்கு நான் எத்தனை வருடமாக அவருக்குக் காரணம் கொடுத்திருக்கிறேன் என்று நீ அறியமாட்டாய்.

ரயிலில் தமிழ் அன்ரிமார் யாராவது ஏறினால் நான் அவருடைய கையை விட்டுவிடுவேன். தலைமுடியைச் சரிசெய்வது போல, போனைத் தேடுவது போல. ஒவ்வொருமுறையும் வேறு சாட்டு. அவர் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அன்ரி இறங்கிப் போனதும் தானாகவே மறுபடி என் கையைப் பிடிப்பார். ஒஃபிஸில் சென்னைக்காரப் பெண் ஒருத்தி, "உங்க ரூம்மேட்டா அது?" என்று கேட்டபோது ஓம் என்று சொல்லியிருக்கிறேன், நிரு. அவர் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்தேன். ரூம்மேட் என்பது தமிழில்லையே.

அப்பாவின் வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் அல்ல நான் கழற்றியது. விமானநிலையத்தில் கழிவறைக் கதவு திறந்து திறந்து மூட, புடவை கட்டின ஒரு கூட்டம் யாரையோ கூட்டிப்போக வந்து நின்றது தெரிந்தது. முகம் தெரிந்தவர்களாக இருக்குமோ என்று நினைத்தேன். அதற்குள் கை கழுத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் கனமான கொடியை லொக்கரில் வைத்துவிட்டு வெறும் சங்கிலியோடு திரிவதில்லையா, இது அப்படித்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் அதை லொக்கரில் வைக்கவில்லை. ஒளித்து வைத்தேன்.

செய்யாத குற்றத்தை அப்பா டரல் தலையில் போட்டார். நான் என் குற்றத்தை அப்பா தலையில் போட்டேன்.

இப்போது கேள். அரச வழக்கறிஞர் பக்கத்தில் ஒரு சமாதானம் சொல்கிறார்கள். சின்னக் குற்றமாக ஒப்புக்கொண்டால் ஜெயில் இல்லை. களைத்துப்போய் டரல் அதற்குச் சம்மதிக்கப் போகிறார். ஒப்புக்கொண்டால் ரயில் வேலை என்றைக்கும் இல்லை. திருடன் என்ற பெயர் சாகும்வரை. நவம்பர் நடுவில் ஹியூஸ்டனில் தவணை. அதற்கு முன் ஒரு சாட்சி வந்தால் லோயர் அதைக் கொண்டுபோய் வழக்கையே நிறுத்தப் பார்ப்பா.

உன்னிடம் கேட்க மாட்டேன் என்றுதான் இருந்தேன். கேட்கிறேன். அப்பாவுக்கு என்ன நடக்கும் என்று லோயரால் உறுதி சொல்ல முடியாது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீ போகாவிட்டால் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன் என்றும் எழுதப் பார்த்தேன், அது பொய் என்பதால் வெட்டிவிட்டேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். நீ போனால் டரல் அங்கே இருப்பார். அவர் உன்னிடம் கொடியைப்பற்றிக் கேட்பார். அப்பாதான் வாங்கினார் என்று சொல். ஒரே ஒரு வசனம். அவர் உன்னை நம்புவார். உன்னை அவர் படியில் கண்டவர்.

நிலக்சி


ஹியூஸ்டன்
15 நவம்பர் 2025

அன்பான அக்காவுக்கு,

போய்விட்டு வந்தேன். லோயர் உங்களுக்கு ஃபோனில் சொல்லியிருப்பா. மிச்சத்தை நான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குத் தெரியாமல் போக எனக்கு மனமில்லை. காலையில் கடை திறக்க முன், அவர் பின்னறையில் முருங்கைக்காய்ப் பெட்டி வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் லோயரிட்டப் போறன். அவர் உள்ள வரேல்லை எண்டு சொல்லப் போறன்."

"ஆர் சொல்லித் தந்தது? கொக்காவோ?"

"நான் படியில இருந்தனான்."

"தெரியும்."

 அப்பா கத்தியைப் பெட்டிக்கு மேல் வைத்தார்.

"நீ இருந்தது எனக்குத் தெரியும். கண்ணாடியில கண்டனான். அதுதானே நித்திரை எண்டு சொன்னனான். உன்னை இதுக்குள்ள இழுக்கக் கூடாதெண்டு."

"அவரை இழுத்துப் போட்டீங்களே அப்பா."

"அவன் உள்ள வந்தவன் எண்டு நான் வாயால சொல்லேல்லை. தலையைத்தான் ஆட்டினன். அந்த வெள்ளைக்காரன் அதை எழுதிப் போட்டான்."

"கையெழுத்து வச்சது நீங்கள்."

இவ்வளவு வசனம் நான் அப்பாவோடு ஒரே மூச்சில் பேசியதே இல்லை. அவருக்கும் அது புதிது. கோபிக்கக்கூட மறந்துபோய் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள், பிள்ளை. அம்மாவை ஆர் பாக்கிறது?"

"அப்ப நீங்களே வந்து சொல்லுங்கோ. நானும் பக்கத்தில நிக்கிறன்."

அவர் வரவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. முருங்கைக்காயை எடுத்துக் கட்டுக் கட்டாக ரப்பர் பாண்ட் போடத் தொடங்கினார். ஒரு கட்டு நழுவிக் கீழே விழுந்தது. நான் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பின்கதவால் வெளியே போனேன். மரகதம் அன்ரி காரை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தா. "சாப்ட்டியா கண்ணு? வெறும் வயித்தோட கோர்ட்டு கச்சேரிக்கெல்லாம் போகக்கூடாது" என்று ஒரு ரோலைத் திணித்தா. இது கோர்ட் இல்லை அன்ரி, லோயர் ஒஃபிஸ் என்றேன். "எல்லாம் ஒண்ணுதான், தின்னு" என்றா. சிக்னல்கள் இரண்டுதானே. மென்று முடிக்கும் முன் வந்துவிட்டது.

என் இங்கிலீஷ் நன்றாக இல்லை என்று முதலே சொல்லிவிட்டேன். அதனால் அவசரமில்லை, மெதுவாகச் சொல் என்றா லோயர். கண்ணாடியில் தெரிந்ததைச் சொன்னேன். கதவு இரண்டு முறை திறந்ததைச் சொன்னேன். இரண்டு முறையும் அவர் கால் வாசற்படியைத் தாண்டவில்லை என்று சொன்னேன். அப்பா கையில் வைத்துக் கொடுத்ததையும் சொன்னேன். இதெல்லாம் சொல்லும்போது அப்பாவின் முகம் எனக்குள் வந்துகொண்டே இருந்தது. நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டேன் என்று பயந்து நிறுத்தாமல் சொன்னேன். அவ தட்டச்சு அடித்துத் திருப்பி வாசித்துக் காட்டினா. கையெழுத்து வைத்தேன். இதற்குப் பிறகு வழக்கு நிற்காது என்று நினைப்பதாகச் சொன்னா. அப்பாவைப்பற்றிக் கேட்டேன். தெரியாது என்றா.

டரல் வெளியே கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். நிருஜா என்று என் பெயரைச் சரியாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சரும் அப்படிச் சொன்னதில்லை. நன்றி என்றார். நான் தலையைக் குனிந்தேன். அம்மாவின் நெஞ்சு ஆறிவிட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு கொடியைப்பற்றிக் கேட்டார்.

நீங்கள் எழுதித் தந்த வசனத்தை நான் இங்கிலீஷில் பாடமாக்கி வைத்திருந்தேன். 'என் அப்பாதான் வாங்கினார்.' காரில் வரும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே உங்களிடம் வந்திருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். இதை எழுதும்போதும் அதையேதான் நினைக்கிறேன். ஆனால் அக்கா, அவர் கேட்டவிதம் அப்படி. பொய் சொன்னால் நம்பிவிடத் தயாராக நின்றார். எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒவ்வொரு பொய்யைச் சொல்லி அவரை அனுப்பியிருக்கிறோம். மிச்சமிருந்தது நான் மட்டும்தான்.

அக்காதான் கழற்றினா, விமானநிலையத்தில், ஒருவரும் கேட்கவில்லை என்று சொன்னேன்.

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு ஓகே என்றார். இன்னொருமுறையும் ஓகே என்றார், என்னைத் தேற்றுவது போல. நான் உங்களைப்பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்லத் தேடினேன். நீங்கள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கழற்றிய பிறகும் நெடுநேரம் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றதைச் சொல்ல நினைத்தேன். தடவுவதற்கு இங்கிலீஷ் சொல் எனக்கு வரவில்லை. அது வருவதற்குள் லோயர் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டா.

நீங்கள் என்னோடு பேசாமல் விட்டாலும் சரி. ஆனால் அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ரயிலில் கையை விட்டதையும் சொல்லுங்கள். எனக்கு எழுதியது போல் அவருக்கு எழுதினாலும் போதும்.

வெளியே வந்ததும் மரகதம் அன்ரி, "எங்க விடட்டும் கண்ணு? ரெண்டு நாள் என் வீட்லயே இருந்துடேன்" என்றா. கடைக்கு விடச் சொன்னேன். சனிக்கிழமை, நல்ல சனம். அப்பா என் இடத்தில் நின்று தடுமாறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விலகி, பைகள் இருக்கும் பக்கம் போய் நின்றார். நான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தராசுக்கு முன்னால் நின்று, அடுத்த ஆளின் கையிலிருந்த கத்தரிக்காயை வாங்கி நிறுத்தேன்.

நிருஜா